யாரைக் கேட்டு முடிவு செய்வது?

கனடாவுக்கு வந்திறங்கும் ஒருவர் முதல் சில ஆண்டுகளிலேயே அரசு பணம் கொடுத்து நடத்தும் பல திட்டங்களுக்குள் போய் வருகிறார். புதியவர்களுக்கான லிங்க் ஆங்கில வகுப்பு, வேலை தேடப் பழக்கும் பட்டறை, முதியோர் ஒன்றுகூடல், பிள்ளைகளுக்கு மாலைநேர வீட்டுப்பாட உதவி என்று அந்தப் பட்டியல் நீளும். ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு படிவம் கைக்கு வரும். திருப்தியா, மிகவும் திருப்தியா என்று அது கேட்கும். நிரப்பிய படிவம் எங்கே போகிறது, அதை வைத்து எந்தத் திட்டம் நீடிக்கிறது, எது மூடப்படுகிறது என்று நம்மவர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. நான் ஸ்காபரோவில் குடியேறிகளுக்கான சேவை நிலையம் ஒன்றில் வேலை செய்கிறேன். அந்தப் படிவங்களை அடுக்கி மேலே அனுப்புவதும் என் வேலைகளில் ஒன்று. மேலே என்ன நடக்கிறது என்று அறியும் விருப்பம்தான் என்னை மீண்டும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது.

நான் படித்தது திட்ட மதிப்பாய்வில் பட்டமேற்படிப்புச் சான்றிதழ். ஒட்டாவா, கார்ல்டன், விக்டோரியா முதலிய பல்கலைக்கழகங்கள் இந்தத் துறையைக் கற்பித்து வந்திருக்கின்றன. முதுகலைப் பட்டம் போல நீளாத, வேலையில் இருப்பவர்கள் மாலை வேளைகளில் படித்து முடிக்கக்கூடிய படிப்பு இது. மதிப்பாய்வின் அடிப்படைகள், புள்ளிவிவர முறைகள், நேர்காணலும் கள அவதானிப்பும், கடைசியில் ஓர் அமைப்புக்குப் போய் நிஜமாகவே மதிப்பாய்வு செய்து கொடுக்கும் களப்பயிற்சி என்று பாடங்கள் அமைந்திருந்தன. வைத்தியசாலைத் தாதி ஒருவர், மத்திய அரசு அலுவலர் ஒருவர், முதற்குடிமக்கள் சமூகமொன்றின் சுகாதார நிலையத்தில் பணியாற்றும் பெண் ஒருவர் என்று பலரும் கணினித் திரையில் என் வகுப்புத் தோழர்களாக இருந்தார்கள்.

இந்தப் படிப்புக்கு இங்கே வேலை இருப்பதற்குக் காரணம் உண்டு. கனடிய மத்திய அரசு 1977இலேயே மதிப்பாய்வுக்கென்று ஒரு கொள்கையை வகுத்தது. தொடர்ந்து நடக்கும் மானியத் திட்டங்களை ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று நிதி நிர்வாகச் சட்டமும் சொல்கிறது. 1981இல் தொடங்கிய கனடிய மதிப்பாய்வுச் சங்கம், தகுதியும் அனுபவமும் உள்ளவர்களுக்குச் சான்றளிக்கப்பட்ட மதிப்பாய்வாளர் என்ற அங்கீகாரத்தைக் கொடுக்கிறது. இந்தத் தொழிலில் தமிழருக்கும் இடம் இருக்கிறது. அது நம்மில் பலருக்குத் தெரியாது.

முதல் பாடம் லாஜிக் மாடல். ஒரு திட்டத்துக்குள் என்ன போகிறது, அங்கே என்ன செய்கிறார்கள், என்ன வெளியே வருகிறது, அதனால் மனிதர்களின் வாழ்க்கையில் என்ன மாறுகிறது என்பதை ஒரே தாளில் இடமிருந்து வலமாக எழுதுவது. நான் முதியோருக்கான ஆங்கில வகுப்பை எடுத்துக்கொண்டேன். ஆசிரியர், மண்டபம், பஸ் டிக்கெட், பாடநூல், வாரம் இரண்டு வகுப்பு, மாதம் இத்தனை பேர் வருகை என்பதுவரை பேனா தடையின்றி ஓடியது. அடுத்த கட்டத்தில் நின்றுவிட்டது. “அவர்கள் வந்தார்கள், சரி. வந்ததால் என்ன மாறியது?” என்று பேராசிரியர் கேட்டார். அமெரிக்க அறிஞர் கரோல் வைஸ் வலியுறுத்தியதும் இதைத்தான். ஒவ்வொரு திட்டத்துக்குள்ளும், இதைச் செய்தால் அது நடக்கும் என்ற நம்பிக்கைகள் ஒரு சங்கிலியாகக் கோத்துக் கிடக்கின்றன. அவற்றை வெளியே எடுத்து எழுதினால்தான் எந்தக் கண்ணி பலவீனமானது என்று தெரியும்.

அப்படி ஒரு கண்ணி அறுந்த கதை, நான் எதிர்பாராத விதமாக, தமிழ்நாட்டிலிருந்து தொடங்கியது. 1980இல் உலக வங்கியின் உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் ஆரம்பமானது. குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்துப் பார்த்தார்கள். எடை கூடாத பிள்ளைக்குச் சத்துணவு கொடுத்தார்கள். தாய்க்கு ஊட்டச்சத்து பற்றிச் சொல்லிக் கொடுத்தார்கள். அது நல்ல பலன் தந்த திட்டம் என்று பேசப்பட்டது. அதே மாதிரியை 1995இல் பங்களாதேஷுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே எதிர்பார்த்த பலன் வரவில்லை. உலக வங்கியின் மதிப்பாய்வுப் பிரிவு 2005இல் வெளியிட்ட ஆய்வு, அதன் காரணங்களில் ஒன்றை வீட்டுக்குள்ளேயே கண்டது. பங்களாதேஷ் கிராமங்களில் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குவது பெரும்பாலும் ஆண்கள். கூட்டுக் குடும்பத்தில் யாருக்கு எவ்வளவு சாப்பாடு என்று தீர்மானிப்பது மாமியார். திட்டமோ இளம் தாய்க்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தது. அவள் கற்றுக்கொண்டாள், ஆனால் செய்ய அவளுக்கு அதிகாரம் இல்லை.

இதைப் படித்த அன்று வகுப்பில் நான் கை உயர்த்திப் பேசினேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் அரிசி அளந்து போட்டது அப்பம்மா என்றும், அம்மாவை மட்டும் அழைத்து ஒரு கூட்டம் வைத்திருந்தால் எங்கள் தட்டில் ஒன்றும் மாறியிருக்காது என்றும் சொன்னேன். ஒரு வீட்டுக்குள் முடிவு யார் கையில் என்பதை வெளியிலிருந்து வரும் நிபுணர் புத்தகத்தில் தேடுகிறார். அந்த வீட்டில் வளர்ந்தவருக்கு அது கேட்காமலே தெரியும். புலம்பெயர்ந்தவர்கள் இந்தத் துறைக்குள் வரவேண்டும் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணத்தை மனிற்றோபா மாகாணத்தின் டாஃபின் என்ற சிறு நகரம் காட்டித் தந்தது. 1974 முதல் 1979 வரை மின்கம் என்ற பரிசோதனை அந்த மாகாணத்தில் நடந்தது. டாஃபினில் வருமானம் குறைந்த எந்தக் குடும்பமும் ஓர் அடிப்படை வருமானத்தைப் பெற முடிந்தது. பிறகு காசும் அரசியல் ஆதரவும் வற்றின. இறுதி அறிக்கை எழுதப்படவில்லை. அந்தக் குடும்பங்கள் சொன்ன பதில்கள் ஏறத்தாழ 1,800 பெட்டிகளில் அடைபட்டுக் கிடந்தன. பல ஆண்டுகளுக்குப் பின்னர் பொருளியலாளர் எவலின் ஃபோர்ஜே அந்தப் பரிசோதனையைத் திரும்பக் கையில் எடுத்தார். அந்தக் காலத்துச் சுகாதாரப் பதிவுகளை ஆராய்ந்து 2011இல் முடிவை வெளியிட்டார். ஒப்பிட்டுப் பார்க்கப்பட்ட மற்றவர்களைவிட டாஃபின் மக்கள் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவது 8.5 சதவீதம் குறைந்திருந்தது. மக்கள் தங்கள் வீட்டு வரவு செலவையும் நோய் நொடியையும் நம்பிச் சொன்னார்கள். அந்தப் பதில்களை வாசிக்காமல் பூட்டி வைப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். படிவம் நிரப்பும் நம்மவர்கள் அதை வாசிக்கும் இடத்திலும் இருக்க வேண்டும். 2017இல் ஒன்ராறியோ தொடங்கிய அடிப்படை வருமானப் பரிசோதனையும் ஆட்சி மாறியதும் 2018இல் கைவிடப்பட்டது. பலன் என்னவென்று முழுதாகத் தெரியும் முன்பே அது முடிந்துபோனது.

களப்பயிற்சிக்கு எனக்குக் கிடைத்தது வேறொரு நிலையத்தின் முதியோர் ஆங்கில வகுப்பு. மனிதர்களைக் கொண்டு செய்யும் ஆய்வுக்கான அறநெறிப் பாடத்தை இணையத்தில் முடித்து, சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதிக்கொண்டு போனேன். பழைய படிவங்களில் எல்லாரும் மிகவும் திருப்தி என்றே குறியிட்டிருந்தார்கள். ஓர் அம்மா சம்மதப் படிவத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு மெல்லக் கேட்டார்: “பிள்ளை, நான் உள்ளதைச் சொன்னா வகுப்பை நிப்பாட்டிப் போடுவினமோ?”

“இல்லை அம்மா. உங்கட பெயர் ஒரு இடத்திலயும் வராது.”

“ரீச்சர் நல்லவ. ஆனா புத்தகத்தில இருக்கிற இங்கிலீஷ் எனக்கு உதவேல்லை. மருந்துக்கடையில இருந்து போன் எடுத்தா அவையள் கேக்கிறது விளங்க வேணும். அதைச் சொல்லித் தரச் சொல்லுங்கோ.”

அந்தப் பயத்தைத் தாண்டித்தான் உண்மை வந்தது. குளிர்காலத்தில் வருகை குறைவதற்கு ஆர்வமின்மை காரணம் என்று முந்தைய அறிக்கை எழுதியிருந்தது. பஸ் தரிப்பிலிருந்து வாசல்வரை நடைபாதையில் ஐஸ் உறைந்து கிடக்கிறது, விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும் என்று அவர்கள் என்னிடம் சொன்னார்கள். உப்புத் தூவவும், மருந்துக்கடையோடு போனில் பேசப் பழக்கவும் பரிந்துரைத்தேன். நிலையம் இரண்டையும் செய்தது. ஓர் எண்ணை வைத்துப் பணமும் பதவியும் தீர்மானிக்கப்படும்போது அந்த எண்ணே திரிந்துவிடும் என்று அமெரிக்க உளவியலாளர் டொனால்ட் கேம்பல் எழுதினார். திருப்திப் படிவத்தில் அது நடந்திருந்தது. வகுப்பு நிற்கக் கூடாது என்பதற்காக அந்த முதியவர்கள் நல்லதையே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சொல்பவருக்குப் பாதுகாப்பு மட்டும் போதாது, சொன்னதன்மேல் உரிமையும் வேண்டும் என்று என் முதற்குடித் தோழி வகுப்பில் வாதாடினார். தங்களைப் பற்றிய தரவுகளின் உடைமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம் வைத்திருத்தல் ஆகிய நான்கும் தங்களுடையவை என்று கனடாவின் முதற்குடியினர் 1998 முதல் ஒரு கோட்பாட்டை முன்வைத்து வருகிறார்கள். அவர் பேசும்போது எனக்கு 2004 சுனாமிக்குப் பிந்திய எங்கள் கரையோரக் கிராமங்கள் நினைவுக்கு வந்தன. அந்த உதவிப் பணிகளை ஆராய்ந்த சுனாமி மதிப்பாய்வுக் கூட்டமைப்பு 2006இல் வெளியிட்ட அறிக்கை சுட்டிய முக்கியக் குறையும் அதைப் போன்றதே. சர்வதேச நிறுவனங்கள் உள்ளூர் மக்களின் ஆற்றலை ஒதுக்கிவிட்டு, அவர்களைப் போதியளவு கேளாமல் செயற்பட்டன என்று அது சொன்னது. எங்களுக்கு என்ன தேவை என்று எங்கள் சார்பில் மற்றவர்கள் முடிவு செய்தார்கள்.

இன்று அந்த மற்றவர்களின் இடத்தில் நாமும் இருக்கிறோம். ரொறன்ரோவிலுள்ள பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் வருடந்தோறும் பணம் சேர்த்து ஊருக்கு அனுப்புகின்றன. கணினி அறை, நூலகம், மாலை வகுப்பு என்று நல்ல மனத்தோடு செய்கிறோம். திறப்பு விழாப் படம் மலரில் வருகிறது. இரண்டு ஆண்டு கழித்து அந்தக் கணினி அறையை யார் பயன்படுத்துகிறார்கள், திறப்பு யார் கையில், பெண்பிள்ளைகள் மாலை வகுப்பு முடிந்து எப்படி வீடு போகிறார்கள் என்று கேட்டு எழுதிய அறிக்கையை நான் இதுவரை பார்க்கவில்லை.

சங்கங்களுக்கு நான் கேட்பது மூன்று. பணம் சேர்க்கும்போதே அதில் ஒரு சிறு பங்கை மதிப்பாய்வுக்கென்று ஒதுக்குங்கள். திட்டம் தீட்டும் முன் அதிபரோடு நிற்காமல் மாணவரிடமும் தாய்மாரிடமும் பேசுங்கள், அவர்கள் பயமின்றிப் பேச வழி செய்யுங்கள். பலன் தராததையும் மலரில் எழுதுங்கள், அடுத்த சங்கம் அதே பணத்தை அதே இடத்தில் கொட்டாமல் இருக்கும். இங்கே சமூகவியலும் பொருளியலும் படிக்கும் நம் பிள்ளைகள் இந்தச் சான்றிதழையும் படிக்கட்டும். ஒரு திட்டம் யாருக்காக நடக்கிறதோ, அது நன்றாக நடக்கிறதா என்று சொல்லும் முதல் உரிமை அவருக்குத்தான். அந்த உரிமையை வாங்கிக் கொடுக்கும் தொழில் இது, அதனால்தான் நான் இதைத் தேர்ந்துகொண்டேன்.