சும்மா கிடக்கும் பற்றரியும் தேயும்

தம்பிமாரே, வாடை தொடங்கிவிட்டது. நிலாவெளி, சல்லி, சாம்பல்தீவுக் கரைகளில் வள்ளங்களை மேலே இழுத்தாயிற்று. உள்துறைமுகத்தில் காற்று மறைவு உண்டு; திறந்த கடலைப் பார்த்த கரைக்கு அது இல்லை. தை, மாசி வரை தொழில் குறைவுதான். இந்த நாள்களில் வலை பொத்துகிறீர்கள், எஞ்சினைக் கழுவித் துடைக்கிறீர்கள். விளக்குக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் உயிர் கொடுத்த பற்றரியை மட்டும் வள்ளத்திலேயே விட்டுவிடுகிறீர்கள், ஓய்வாகக் கிடக்கட்டும் என்று.

அது ஓய்வெடுப்பதில்லை. ஈயமும் அமிலமும் கொண்ட பற்றரி, ஒரு விளக்கும் எரியாமலே தன் மின்னைத் தானே இழக்கும். 25 பாகை செல்சியஸில் மாதத்துக்கு நூற்றுக்கு 5 வரை போகலாம். சூடு 10 பாகை கூடினால் இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். மின் இறங்க இறங்கத் தகடுகளில் ஈய சல்பேற்று படிகிறது. உடனே சார்ஜ் போட்டால் அது கரைந்துவிடும். மாதக்கணக்கில் விட்டால் இறுகிப்போகும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய வலு திரும்பாது.

கனடாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்குக் கவலை உறைபனி. அங்கும் நிறைந்த பற்றரி எளிதில் உறையாது. இறங்கியதுதான் உறைந்து வெடிக்கும். நமக்குப் பகை சூடும் உப்பும். இரண்டு இடத்துக்கும் விதி ஒன்றே: நிறைத்து வை.

கழற்றும்போது கறுப்பு வயரை முதலில் எடுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்டுங்கள். மூடிகளை இறுக்கிவிட்டு, முனைகளில் பூத்த உப்பை அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, உலர்ந்தபின் வஸலின் பூசுங்கள். மூடி திறக்கும் வகையானால் உள்ளே பாருங்கள். தகடு வெளியே தெரிந்தால் அது மூழ்கும் அளவுக்கு மட்டும் பற்றரித் தண்ணி விட்டுச் சார்ஜ் போடுங்கள். முழு அளவுக்கு நிரப்புவது சார்ஜ் ஏறிய பிறகு. கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயு வரும். அடுப்பும் பீடியும் கிட்ட வரக்கூடாது. காற்றோட்டமான, வெயில் படாத, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் கழித்து அளந்தால் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். மாதம் ஒருமுறை அளந்து, 12.4-க்கு இறங்கினால் மறுபடி சார்ஜ் போடுங்கள்.

மனிதருக்கும் இதே கதைதான். மாரியில் வேலையில்லை என்று சும்மா இருக்கும் பொடியனின் கைப்பழக்கமும் காசும் தானாகவே கரையும். சோளகக் காலத்து உழைப்பில் ஒரு பங்கை ஒதுக்கியவன் மாரியில் முதலாளியிடம் கடனுக்குப் போவதில்லை. இந்த மாதங்களில் எஞ்சின் திருத்தப் பழகியவன் மற்றவனுக்கும் திருத்திக் கொடுத்து உழைப்பான். முழுதாக இறங்கியபின் தூக்கி நிறுத்துவது பெரும்பாடு. இறங்காமல் பார்ப்பதற்கு மாதத்தில் ஒரு நாள் போதும்.

மாரியில் புயலும் வரும். 1964 டிசம்பரில் வந்ததை இந்தக் கரையின் முதியவர்கள் மறக்கவில்லை. கரண்ட் நின்ற இரவில் ஒரு விளக்கு எரியவும் வானொலியில் எச்சரிக்கை கேட்கவும் நிறைந்த பற்றரி ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. ஆகவே, இந்தக் கிழமையே கழற்றிக் கொண்டுவாருங்கள்.