'தூ' என்று ஒரு கடிதம்

மெக்ஸிகோ சிட்டியில் யாராவது உங்களைப் பார்த்து 'தூ' என்றால் சட்டையைப் பிடிக்காதீர்கள். ஸ்பானிஷில் அதற்கு 'நீ' என்று அர்த்தம். அந்த ஒரு எழுத்துக்காக நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

ஆபீஸ் வேலையாக என்னை ஆறு மாசம் அங்கே அனுப்பியிருந்தார்கள். பக்கத்து ஃப்ளாட்டில் என் வயசுக்காரன் ஒருவன். பஸ் ஏறக் கற்றுக்கொடுத்தான். எந்த மிளகாய் அழ வைக்கும், எது ஆளையே கொல்லும் என்று தரம் பிரித்துக் காட்டினான். பிறகு சொந்த ஊரான புவெப்லாவுக்கே திரும்பிப் போய்விட்டான். பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா, அம்மா சமைக்கிறாங்க" என்றான். "வர்றேன்" என்றேன்.

போகவில்லை.

புவெப்லா என்றால் மோலே. மிளகாயும் சாக்லேட்டும் சேர்த்து அரைத்த குழம்பு. அதில் வான்கோழித் துண்டுகள். நானோ ஆம்லெட் வாசனைக்கே எழுந்து ஓடுகிற ரகம். ஒரு அம்மா ஆசையாய் வைத்த தட்டை எப்படித் தள்ளுவது? அன்று முழுக்க போனையே எடுக்கவில்லை. மறுநாள் 'ஆபீஸில் அவசர வேலை' என்று வாட்ஸ்அப் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் விழவில்லை. பத்து நாளாக!

ஊர் திரும்ப ஒரு வாரமே இருந்தது. நேரில் போய் நிற்கத் தைரியமில்லை. அட்ரஸ்தான் இருக்கிறதே என்று டிக்ஷனரியோடு மல்லுக்கட்டி ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். அதைச் சரிபார்க்க ஆள் வேண்டுமே? "சாந்தோ தொமிங்கோ போங்க சார்" என்றார் வாட்ச்மேன்.

சோகாலோ என்கிற பெரிய சதுக்கத்துக்கு வடக்கே, நடக்கிற தூரத்தில் இருக்கிறது சாந்தோ தொமிங்கோ. ஒரு பக்கம் பழைய சர்ச். மூலையில், ஒரு காலத்தில் மத விசாரணை நடத்தி மக்களை நடுங்க வைத்த மாளிகை. இப்போது அது மருத்துவ மியூசியம். நடுவே உட்கார்ந்த நிலையில் ஒரு பெண்மணியின் சிலை. பெயர் ஹோசெஃபா ஒர்தீஸ். 1810-ல் ஸ்பெயினுக்கு எதிரான புரட்சித் திட்டம் அம்பலமானதும், கணவரே இவரை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். பூட்டிய அறைக்குள் இருந்தபடியே ஆளனுப்பிக் கூட்டாளிகளை உஷார்ப்படுத்தினார் அம்மணி. சேதி போய்ச் சேர்ந்தது, புரட்சி வெடித்தது. எனக்கோ வாசல் திறந்திருந்தும் சேதி சொல்லத் துப்பில்லை!

சதுக்கத்தின் ஓரத்தில் தூண்கள் வைத்த நீண்ட தாழ்வாரம். நுழைந்ததும் புரோக்கர்கள் சூழ்ந்துகொண்டார்கள். விசிட்டிங் கார்டா? கல்யாணப் பத்திரிகையா? போலி சர்ட்டிபிகேட்டுக்கும் இந்த வட்டாரம் பேர் போனது. டாக்டர் பட்டத்தோடு ஊர் திரும்பியிருக்கலாம். தப்பித்து உள்ளே போனால், டைப்ரைட்டரோடு சில பெரியவர்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறவர்கள். 'எவாஞ்ஹெலிஸ்தா' என்று பெயர், அதாவது சுவிசேஷம் எழுதியவர்! நூறு வருஷத்துக்கும் மேலான தொழில். ஒரு காலத்தில் காதல் கடிதங்கள் பறந்த இடம். இப்போது மனுவும் அரசாங்கப் படிவமும்தான் அதிகம்.

ஒரு பெரியவர் என் கடிதத்தை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, பாங்க்கில் லோன் கேக்கறீங்களா?"

'எஸ்திமாதோ செனியோர்' என்று ஆரம்பித்திருந்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா!' உள்ளே முழுக்க 'ஊஸ்தேத்', அதாவது 'தாங்கள்'. பணிவாக இருக்கட்டுமே என்று நினைத்தது தப்பாம். நேற்று வரை 'வாடா போடா' என்றவன் திடீரென்று 'வாங்க சார்' என்றால் நமக்கு எப்படியிருக்கும்? அப்படித்தான் அவர்களுக்கும். ஸ்பானிஷில் நீயா, நீங்களா என்று முடிவு பண்ணாமல் ஒரு வினைச்சொல்கூட எழுத முடியாது.

"சிநேகிதன்தானே? அப்ப 'தூ' போடுங்க!"

பேப்பரைச் செருகினார். மேலே ஊர், தேதி. மாசத்தின் பெயருக்குச் சின்ன எழுத்துதான். அடுத்து 'கெரீதோ குவாதே'. கெரீதோ என்றால் அன்புள்ள. குவாதே என்பது மெக்ஸிகோவின் பழைய நாவாத் மொழியிலிருந்து வந்த சொல். இரட்டையரில் ஒருவன் என்று அர்த்தம்; சிநேகிதனையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அதன் பின்னால் இங்கிலீஷ் மாதிரி கமா கிடையாது, முக்காற்புள்ளி. பிறகு 'கோமோ எஸ்தாஸ்', எப்படியிருக்கே? கேள்விக்குறி பின்னால் மட்டுமல்ல, முன்னாலும் ஒன்று, தலைகீழாக! ஸ்பானிஷ் அகாடமி 1754-ல் போட்ட சட்டம். கேள்வி வருகிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கை.

அடுத்த வரியில் பெரியவரின் விரல்கள் நின்றுவிட்டன.

"ஆபீஸ் வேலைன்னு எழுதியிருக்கீங்க. நெஜமா?"

நான் தூணைப் பார்த்தேன்.

"'ஊஸ்தேத்'துக்குக் காரணம் சொல்லலாம் தம்பி. 'தூ'வுக்கு நெஜத்தைத்தான் சொல்லணும்."

சொன்னேன். வான்கோழி, பயம், வெட்கம் எல்லாவற்றையும். அவர் சிரிக்கவில்லை. டக்டக்கென்று நாலே வரி அடித்தார்.

முடிக்கும்போது 'உன் அப்ராசோ', அதாவது ஒரு தழுவல். ஆம்பளைக்கு ஆம்பளை அங்கே இது சகஜம். "சாதாவா, ஸ்ட்ராங்கா?" என்றார், காபி கேட்பது மாதிரி. 'ஃபுவெர்தே' என்ற வார்த்தையைச் சேர்த்தால் இறுக்கமான தழுவலாம். ஸ்ட்ராங்காகவே போடச் சொன்னேன்.

"இதை அப்படியே அனுப்பாதீங்க. உங்க கையால காப்பி பண்ணுங்க. தப்பு வந்தா வரட்டும்."

எழுதினேன். நடந்தே தபால் மாளிகைக்குப் போனேன். ஆதாமோ போவாரி என்ற இத்தாலியர் கட்டியது, 1907-ல் திறந்தது. கல்யாண மண்டபம் மாதிரி மார்பிள் படிக்கட்டு, ஃப்ளாரன்ஸில் வார்த்த உலோக வேலைப்பாடு. இத்தனை பகட்டுக்கு நடுவே சாதாரண ஸ்டாம்ப் கவுன்ட்டர். ஒட்டிப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சென்னை திரும்பி மூன்றாவது வாரம், ராத்திரி இரண்டு மணிக்கு வாட்ஸ்அப் அலறியது. என் கடிதத்தின் போட்டோ. என் தப்புகளைச் சிவப்பு மையில் திருத்தி, பத்துக்கு நாலு மார்க் போட்டிருந்தான்! கீழே ஒரு வரி:

'முட்டாளே, நீ சைவம்னு அம்மாகிட்ட நான் முன்னாடியே சொல்லியாச்சு. அன்னிக்கு உனக்காகப் பண்ணினது பீன்ஸ், சோளச் சப்பாத்தி, சப்பாத்திக்கள்ளிப் பொரியல்.'

கடைசியில் தழுவல் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. ஸ்ட்ராங்!