புதுக்கோட்டைக் கடற்கரையில் அம்பாப் பாட்டு

அம்பா என்பது மீனவர்கள் கூடி உழைக்கும்போது பாடும் தொழிற்பாட்டு. வலை இழுக்கையிலும் துடுப்புப் போடுகையிலும் வள்ளத்தைக் கரையேற்றுகையிலும் இது எழும். பாக் நீரிணையின் இந்தப் பக்கம் மட்டுமல்ல, எதிர்ப்பக்கம் இலங்கையில் யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, மட்டக்களப்பு வரை இதற்கு இதே பெயர்தான். புதுக்கோட்டை மாவட்டத்தின் கடற்கரை சுமார் 40 கிலோமீட்டர் நீளம்: கட்டுமாவடி, மணமேல்குடி, அம்மாபட்டினம், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று ஊர்கள் தெற்கே இறங்குகின்றன. ஆழமும் அலையும் குறைந்த, சேறு கலந்த கடல் இது. இங்கே படகைத் தள்ளுவது ஓராள் வேலையல்ல.

அம்பாவின் முழு உருவம் தெரிவது கரைவலையில். வலைக்கயிற்றின் ஒரு முனையைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் போகும். வலையை வளைத்துப் போட்டு, மறுமுனையோடு சற்றுத் தள்ளிக் கரை சேரும். இரண்டு கயிற்றையும் இரண்டு கூட்டம் இழுக்க வேண்டும். குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, கையால் அல்லாமல் இடுப்பின் பாரத்தால் இழுப்பார்கள். கடைசியில் நிற்பவர் பின்னால் இடமில்லாமல் போனதும் கயிற்றை விட்டு முன்னால் ஓடி நீரோரத்தில் மறுபடி பிடிப்பார். இந்தச் சுற்று அறுபடாமல் நடக்க எல்லோர் பாரமும் ஒரே நொடியில் கயிற்றில் விழ வேண்டும். அந்த நொடியைச் சொல்வதுதான் பாட்டின் வேலை. ஒருவர் அடி எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் ‘ஏலேலோ’ என்றோ ‘ஐலசா’ என்றோ வாங்குவார்கள். இழுப்பு விழுவது அந்த வாங்கலில்.

முன்பாட்டுக்காரருக்குக் குரல் வளத்தைவிடக் கயிறு பிடித்த கையின் அறிவு முக்கியம். வலை தொலைவில் இருக்கும்போது அடிகள் நீண்டு மெதுவாகப் போகும். மீன் சேரும் வலையின் மடி கரையை நெருங்கினால் மீன் தப்பக்கூடாது. அடிகள் சுருங்கி, வெறும் கூவலாகி விரையும். வலை எங்காவது சிக்கினால் பாட்டும் நின்று காத்திருக்கும்.

சொற்களுக்கு எல்லையில்லை. சாமியைக் கூப்பிட்டுத் தொடங்கி, வாடை, சோழகம், கச்சான் என்று காற்றுகளைச் சொல்லி, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் கஞ்சத்தனத்தைக் கேலி செய்வது வரை போகும். கூப்பிடும் பெயர் மட்டும் ஊருக்கு ஊர், மதத்துக்கு மதம் மாறும். அச்சிட்ட தொகுப்புகளில் இப்பாட்டுகள் மெலிந்து தெரிவதற்குக் காரணம், பெரும்பாலும் முன்பாட்டு மட்டும் பதிவாகி வாங்கல் விடுபடுவதே.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று: தெற்கு அல்பேனியாவின் ஹிமாரா போன்ற கரையோர ஊர்களில் பல குரல் சேர்ந்து பாடும் மரபு உண்டு. ஒருவர் எடுப்பார், இன்னொருவர் மறித்துப் பாடுவார், மற்றவர்கள் ‘ஈசோ’ என்ற நீண்ட ஒற்றைச் சுரத்தை அடியில் பிடித்திருப்பார்கள். யுனெஸ்கோ 2005இல் அதை மானுட மரபாக அறிவித்து, 2008இல் தன் பட்டியலில் சேர்த்தது. அம்பாவில் அப்படிச் சுரங்கள் அடுக்கப்படுவதில்லை. முன்பாட்டு முடியுமுன்பே வாங்கல் ஏறிக்கொள்ளும்போது இரண்டு குரல் உரசும், அவ்வளவுதான். பெரிய வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. அல்பேனியப் பாட்டு கல்யாணத்துக்கும் சாவுக்கும் விருந்துக்கும் உரியது. வேலை மாறினாலும் அது தங்கியது. அம்பாவோ கயிற்றை நம்பி இருந்தது.

கயிறு கையைவிட்டுப் போய்விட்டது. ஜெகதாப்பட்டினமும் கோட்டைப்பட்டினமும் இன்று விசைப்படகுத் தளங்கள். இழுவலையை விஞ்ச் சுற்றுகிறது. டீசல் எஞ்சின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவரோடு பேசவே கத்த வேண்டும். நாட்டுப்படகிலும் எஞ்சின் வந்தபின் துடுப்புப் பாட்டுக்கு இடமில்லை. இலங்கைக் கரையில் சில இடங்களில் கரைவலையையே டிராக்டர் இழுக்கும் வழக்கமும் வந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் ஓய்ந்தாலும், அந்த ஓய்வில் நடப்பது மராமத்தும் பெயின்ட் அடிப்பும்தான். கூடி இழுக்கும் வேலை திரும்புவதில்லை.

மிஞ்சியிருப்பது ஃபைபர் படகைச் சேற்றிலிருந்து தள்ளும்போது எழும் சில கூவல்கள். முழு அடிகள் வயதானவர்களின் நினைவில்தான். பதிவுக்காக அவர்களை நாற்காலியில் உட்காரவைத்துப் பாடச் சொன்னால் பாட்டு நாலடியில் தடுமாறி நிற்கும். வாங்க ஆளும், பிடிக்கக் கயிறும் கொடுத்தால் தொடரும்.