ஹிஞ்சேவாடியின் கீழ்முதுகு வலி

புணேயின் மேற்கு விளிம்பில் அமைந்த ஹிஞ்சேவாடி ராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்காவில், அலுவலக நாற்காலியில் கழியும் நேரத்தோடு அருகிலுள்ள வாகட் பகுதியின் நெரிசலில் வண்டி இருக்கையில் கழியும் நேரமும் சேர்ந்துகொள்வதால், கீழ்முதுகு வலி அன்றாடப் பேச்சாகியிருப்பதில் வியப்பில்லை.

வலி தொடங்கியதுமே எம்.ஆர்.ஐ. எடுத்துவிடத் துடிப்பவர் பலர். ஆனால் முள்ளெலும்புகளுக்கிடையே மெத்தைபோல் அமைந்த வட்டுகளின் தேய்மானம், வலியே இல்லாத 20 வயதினரிலும் ஏறத்தாழ 37 விழுக்காட்டினரிடம் காணப்படுவதாக 2015இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியிருப்பதால், ‘டிஸ்க் தேய்ந்துவிட்டது’ என்னும் அறிக்கை வரி மட்டுமே வலியின் காரணத்தை நிறுவிவிடாது.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்து, குறிப்பிட்ட நோய்க்காரணம் எதுவும் புலப்படாத நாட்பட்ட வலிக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் 2023 டிசம்பர் வழிகாட்டுதல் உடற்பயிற்சியையும் நோய் பற்றிய விளக்கக் கல்வியையும் உளவியல் சிகிச்சையையும் ஏற்கிறது. மருந்துக்கடைகளில் தாராளமாக விற்கும் இடுப்புப் பட்டையையும், முதுகை இழுத்துப் பிடிக்கும் டிராக்‌ஷனையும் (வாங்கி அலமாரியில் வைத்திருப்போர் பொறுத்தருள்க) வழக்கமான சிகிச்சையாக வேண்டாம் என்கிறது.

2024இல் லான்செட் இதழில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், வலியிலிருந்து மீண்டபின் படிப்படியாக நடைப்பயிற்சியைக் கூட்டியோருக்கு வலி திரும்ப இடைநிலை அளவில் 208 நாட்களும், மற்றவர்களுக்கு 112 நாட்களும் ஆயின. செலவில்லாத இந்த மருத்துவத்துக்குத் தேவையானது நடைபாதை ஒன்றுதான். ஹிஞ்சேவாடியில் அதுவே அரிது.

தொடையிடுக்குப் பகுதி மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடு இழத்தல், கால் வலுவிழத்தல் ஆகியவை நரம்புக்கற்றை நெருக்கப்படுவதன் அறிகுறிகளாகலாம் என்பதால், அந்நிலையில் நடைப்பயிற்சியை நம்பியிராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.