வேரில் இருந்த முடிச்சு

அம்மா காலமாவதற்கு முந்தின வருஷம், பழைய மருந்து பாட்டிலில் கொஞ்சம் அவரை விதை போட்டுக் கொடுத்தாள். "நம்ம வீட்டு அவரைம்மா, விட்டுடாதே" என்றாள். இந்த ஆடியில்தான் பாதி விதையைக் கொல்லையில் ஊன்றினேன். கொடி பந்தல் ஏறுகிற சமயம் இரண்டு செடி வாடிற்று. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து அழுகியிருந்தது. பக்கத்துச் செடியையும் பிடுங்கினேன். ஐயோ, வேரெல்லாம் மிளகு மிளகாக முடிச்சு! இதுவும் வியாதிதான் என்று பயந்து, மிச்சமிருந்ததையும் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டேன்.

சாயங்காலம் சித்தப்பா வந்தார். விவசாய இலாகாவில் ரிடையர் ஆனவர். "என்ன காரியம் பண்ணினேம்மா!" என்று ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிக் காட்டினார். உள்ளே இளஞ்சிவப்பு! நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான பொருளாம். அதிலும் இரும்பு உண்டாம். முடிச்சுக்குள் ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தருகிறது. செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. 1888-லேயே பெய்ஜெரிங்க் என்ற டச்சு விஞ்ஞானி இதைப் பிரித்தெடுத்துவிட்டாராம். எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

நூற்புழு வந்தாலும் வேரில் முடிச்சு விழும். ஆனால் அதில் வேரே வீங்கியிருக்கும், தனியாக உதிராது. நல்ல முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தள்ளினால் உதிரும்.

"அப்ப அழுகினது, சித்தப்பா?"

"அது பூஞ்சாளம். அதுக்கும் ஒரு பாக்டீரியா இருக்கு, சூடோமோனாஸ்னு. வேரைச் சுத்தி இருந்துண்டு மண்ணிலே இருக்கிற இரும்பைத் தான் இழுத்துக்கும்; பூஞ்சாளம் பட்டினி கிடக்கும். வேரும் நன்னா ஓடும்."

பாட்டிலில் பதினொரு விதை மிச்சம். இரண்டு பொடியும் விவசாய டிப்போவில் கிடைத்தது. சூடோமோனாஸ் கிலோ விதைக்கு 10 கிராம் என்பது கணக்கு. பதினொரு விதைக்கு ஒரு சிட்டிகைதான். முதலில் அதைப் புரட்டி, பிறகு ஆறின சோற்றுக் கஞ்சியில் ரைசோபியத்தைக் குழைத்துப் பூசி, நிழலில் அரைமணி உலர்த்தினேன். வெயில் பட்டால் பாக்டீரியா செத்துவிடும். அன்றைக்கே ஊன்றியாயிற்று. யூரியா போடவில்லை; தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு வைக்காதாம். நம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான்!

ஒன்பது முளைத்தன. நேற்றுப் பந்தல் கயிறு கட்டினேன். முடிச்சு விழுந்திருக்கிறதா என்று ஒன்றைப் பிடுங்கிப் பார்க்கக் கை துறுதுறுக்கிறது. பிடுங்கவில்லை.