கழுத்தும் காலும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என வழங்குவர். நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. இன்று அவ்வூர் வயல்களில் உழவு இயந்திரத்தின் ஒலியே கேட்கின்றது. ஆயினும், மாடு கட்டி உழுத தலைமுறையினர் சிலர் இன்னும் அங்கு உளர். அவர்களுள் எண்பதை நெருங்கும் முதியவர் ஒருவர், தம் இளமையிலே தாம் கெடுத்த ஒரு நாம்பனைப் பற்றி இன்றும் பேசுவார்.

நாம்பன் அவருடைய மாமாவுக்கு உரியது. அகன்ற மார்பும் திரண்ட திமிலும் உடையது. நுகம் வைத்த சில நாட்களிலேயே தலையசைக்காமல் நடந்தது. மாமாவிடம் அதற்கென ஒரு முறை இருந்தது. முதலில் பழகிய எருதொன்றோடு இணைத்து வெறும் நுகத்துடன் நடத்துவார். பின்பு உலர்ந்த தரையிலே சிறு மரக்கட்டை ஒன்றை இழுக்கச் செய்வார். அதன் பின்னரே கலப்பை. சேற்றில் இறக்குவது எல்லாவற்றுக்கும் கடைசி. இதற்கு மாதங்கள் வேண்டும். அவ்வாண்டு மழையோ முந்திவிட்டது.

“கழுத்து வந்திற்று, மருமகன். கால் இன்னும் வரல்ல” என்றார் மாமா.

மருமகன் கேட்கவில்லை. மாமா சந்தைக்குச் சென்றிருந்த நாளில் நாம்பனைச் சேற்றில் இறக்கினார். அது சளைக்காமல் இழுத்தது. அதுவே அவரை ஏமாற்றியது. ஒரு கிழமைக்குள் முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே வீங்கிச் சுடலாயிற்று. வீக்கம் பின்னர் வற்றியது, நொண்டல் வற்றவில்லை.

மாமா கூறிய அந்த வேறுபாட்டை, போலோ ஆட்டத்துக்குக் குதிரைகளைப் பழக்குவோரும் நன்கறிவர். மணிப்பூர் மக்கள் தம் சிறிய குதிரைகளின் மீது ஆடிவந்த சாகோல் காங்ஜெய் என்னும் ஆட்டத்தைக் கண்டே ஆங்கிலேயர் 1859இல் சில்சாரில் கழகம் அமைத்தனர். அங்கிருந்தே அது உலகெங்கும் பரவியது. ஆட்டத்தின் ஒரு பகுதி ஏறத்தாழ ஏழரை நிமிடமே. ஆயினும், முழு வேகத்திலிருந்து சட்டென நிற்றல், பின்னங்கால்களில் ஊன்றித் திரும்புதல், எதிராளியின் குதிரையைத் தோளால் நெருக்குதல் என்பன அந்நிமிடங்களுக்குள் அடங்குவதால், ஒவ்வொரு பகுதிக்கும் வீரர் குதிரையை மாற்றுகின்றனர். ஓய்வுக் காலத்தில் புல்வெளியில் விடப்பட்ட குதிரையை மீண்டும் ஆட்டத்துக்கு ஆயத்தம் செய்ய ஆறு முதல் எட்டுக் கிழமைகள் செல்லும். தொடக்கத்தில் நடை மட்டுமே. ஒருவர் ஒரு குதிரையில் ஏறி, மற்றும் சிலவற்றைப் பக்கத்தே பிடித்து நடத்திச் செல்வார். பின்பு துள்ளுநடை, பின்பு மெல்லோட்டம். பாய்ச்சலும் திருப்பமும் இறுதியிலேதான்.

இத்தாமதத்துக்குக் காரணம் உடலின் உள்ளே உள்ளது. இதயமும் தசையும் சில கிழமைகளிலேயே வலுப்பெறும். தசைநாணுக்கு மாதங்கள் வேண்டும். எலும்போ இன்னும் விசித்திரமானது: புதிய சுமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்தும்போது பழைய பகுதியை முதலில் கரைத்துவிட்டே புதியதைப் படியவைக்கின்றது. ஆகவே, பயிற்சியின் இடைக்காலத்தில் அது முன்னிலும் நொய்தாகிவிடுவதுண்டு. குதிரையின் முழங்காலுக்குக் கீழே தசை இல்லை; உடலின் பாரம் முழுவதும் நாண்களிலும் எலும்பிலுமே இறங்குகின்றது. பாய்ந்தோடும்போது நாணின் உட்பகுதி 45 பாகை செல்சியஸ் வரை சூடேறுவதை ஆய்வாளர் அளந்துள்ளனர். இவ்வாறிருக்க, மயிர் பளபளத்து மார்பு திரண்டு நிற்கும் நான்காம் கிழமைக் குதிரையே உரிமையாளரை மிகவும் ஏமாற்றக்கூடியது. குதிரைக்காரர் அப்பளபளப்பைப் பொருட்படுத்துவதில்லை. காலைதோறும் குனிந்து, ஒவ்வொரு காலையும் தடவிச் சூடும் வீக்கமும் உண்டோ எனப் பார்க்கின்றார்.

வவுணதீவு மாமாவும் அவ்வாறே குனிந்திருப்பார். அவர் உடற்கூற்று நூல் எதனையும் படித்தவரல்லர். நொண்டிய நாம்பனை அவர் விற்கவுமில்லை, மருமகனை ஏசவுமில்லை. வாவிக்கரைப் புல்லில் அதனைச் சாகும்வரை மேயவிட்டார். ஏசியிருந்தால் அன்றோடு மறந்திருக்கும் என்பார் முதியவர்.

இப்போது அவர் வீட்டு முற்றத்தில் பேரனின் உழவு இயந்திரம் நிற்கின்றது. தெருவிலே யாருடையதோ ஒரு கறவைப் பசு கடந்து சென்றாலும், முதியவரின் கண் முதலில் அதன் முழங்காலுக்குக் கீழேயே செல்கின்றது.