பயணத்தை அளப்பது மணிக்கூடல்ல

 

பலாலியிலிருந்து விமானத்தில் திருச்சிக்குப் புறப்படவிருந்த எனது சாச்சி, கண் சிகிச்சைக்காகப் பத்து நாட்கள் அங்கே தங்க எண்ணியிருந்தார். "மகன், போய்ச் சேர ஒரு மணித்தியாலமும் ஆகாதாம். களைப்பே இல்லாத பயணத்திற்குத் தொழுகையைச் சுருக்கலாமா?" என்று அவர் கேட்டார். இக்கேள்வி உங்களில் பலருக்கும் எழக்கூடும்.

முதலில் தூரத்தைப் பாருங்கள். பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. திருச்சிக்கான சேவை 2025 மார்ச் இறுதியில் ஆரம்பமானது. இரண்டு நிலையங்களுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறக்குறைய 185 கிலோமீற்றர். அதற்கு முன்னர் திருச்சிக்கு நேரடி விமானத்தில் செல்ல விரும்பிய யாழ்ப்பாணத்தவர் கட்டுநாயக்காவுக்குத் தெற்கே தரைவழியாக ஓர் இரவு முழுவதும் பயணித்து, அங்கிருந்து வடக்கே 400 கிலோமீற்றருக்கு மேல் பறக்க வேண்டியிருந்தது. போக வேண்டிய ஊரோ வீட்டுக்கு அருகே, கடலுக்கு அப்பால்!

இனிச் சட்டத்தைப் பாருங்கள். ஷாபிஈ மத்ஹபில் கஸ்ருக்குரிய தூரம் இரண்டு மர்ஹலா. இதை இக்கால அறிஞர்கள் 80 முதல் 90 கிலோமீற்றர் வரை கணக்கிடுகின்றனர். இங்கே அளவுகோல் தூரமே, நேரமல்ல. கப்பலில் சென்று அத்தூரத்தைக் குறுகிய நேரத்தில் கடந்தாலும் சுருக்கலாம் என்பதை, 700 ஆண்டுகளுக்கும் முன்னர் வாழ்ந்த இமாம் நவவீ அவர்களே மின்ஹாஜில் தெளிவுபடுத்தியுள்ளார்கள். விமானத்துக்கும் அதுவே பொருந்தும். எனவே சாச்சியின் பயணம் கஸ்ருக்குரியதே.

ஆனால் மூன்று விடயங்களை மறந்துவிடாதீர்கள். ஒன்று, ஊரின் எல்லையைத் தாண்டிய பின்னரே சலுகை ஆரம்பிக்கும். வீட்டிலிருந்தவாறே சுருக்க முடியாது. இரண்டு, நான்கு ரக்அத் தொழுகைகளுக்கு மட்டுமே கஸ்ர். ஸுப்ஹும் மஃரிபும் அப்படியே இருக்கும். மூன்று, சென்று சேரும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க நிய்யத் வைத்தவர், அவ்வூரை அடைந்ததும் பூரணமாகத் தொழ வேண்டும். ஆகவே சாச்சிக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் சலுகை உண்டு. திருச்சியில் தங்கும் பத்து நாட்களும் இல்லை.

இன்னொன்று. விமானம் பறப்பது ஒரு மணித்தியாலத்திற்குக் குறைவாக இருக்கலாம். ஆனால் முன்கூட்டியே நிலையம் செல்வது, சோதனைகள், குடிவரவு வரிசை, பொதிகளுக்காகக் காத்திருப்பது எல்லாவற்றையும் கூட்டினால் அரைநாள் போய்விடும். லுஹரும் அஸரும் தவறுவது இந்த வரிசைகளிலேதான். ஊர் எல்லையைத் தாண்டி, லுஹர் நேரம் வந்ததும் இரண்டையும் சேர்த்து ஜம்உ செய்துவிடுங்கள். முதல் தொழுகை முடியுமுன் அதற்கான நிய்யத் இருக்கட்டும்; இரண்டையும் தாமதமின்றி அடுத்தடுத்துத் தொழுங்கள்.

இரு நாடுகளின் மணிக்கூடும் ஒன்றே. எனினும் திருச்சி சற்று மேற்கே இருப்பதால் அங்கு சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய ஐந்து நிமிடம் பிந்தியே. எனவே அங்கே சென்றதும் அவ்வூர் நேரசூசியைக் கேட்டறிந்து தொழுங்கள்.

சகோதரிகளே, பயணம் இலகுவானதற்காக அல்லாஹ் தந்த சலுகையை ஏற்கத் தயங்காதீர்கள். கடவுச்சீட்டைத் தேடி எடுத்து வைக்கும்போதே தொழுகை நேரத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.